சானலைப் பிடித்துக்கொண்டு போங்கள்: தக்கலைக்குப் புதிதாக வந்த வீட்டுக்கல்விக் குடும்பத்துக்கு

முதலில் நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே நிலைமையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். கணவரின் வேலை மாற்றத்தால் ஏப்ரல் தொடக்கத்தில் பெங்களூரில் இருந்து தக்கலைப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கிறீர்கள். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. மூன்று வருடமாக வீட்டிலேயே படிக்கிறார்கள். வந்து ஆறு வாரமாகியும் பாதிப் பெட்டிகளைப் பிரிக்கவில்லை, பாடப்புத்தகம் எந்தப் பெட்டியில் என்றே தெரியவில்லை, பிள்ளைகள் நாள் முழுக்க மண்ணிலேயே கிடக்கிறார்கள், படிப்பு நின்றே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. எங்கெல்லாம் கூட்டிப் போகலாம், அன்றாடப் படிப்பை எப்படி மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவருவது, 'பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகலையா' என்று கேட்கும் அக்கம்பக்கத்தாருக்கு என்ன சொல்வது. இதுதானே?

ஒன்பது வருடம் முன்னால் கோயம்புத்தூரில் இருந்து திருவட்டார் பக்கம் வந்து இறங்கியபோது எனக்கும் இதே பயம் இருந்தது. என் கணவருக்கு இது சொந்த ஊர், எனக்கு இல்லை. மகளுக்கு அப்போது ஏழு, மகனுக்கு நான்கு. இரண்டு பேருமே பள்ளிக்குப் போகாமல் வளர்ந்தவர்கள். புது ஊரில் படிப்பு நடக்கிறது என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள வேண்டியிருந்ததால், பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு எட்டு ஞாயிற்றுக்கிழமையில் பதினைந்து இடங்களுக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனேன். ஒரு மாதம் கழித்து, வட்டக்கோட்டை எதனால் கட்டினது என்று மகளிடம் கேட்டேன். அவ்வளவு பெரிய கருங்கல் சுவர் மேல் கால் வலிக்க நடந்தவள், பதில் தெரியாமல் என் முகத்தையே பார்த்தாள். அந்த வாரங்களில் அவளுக்கு ஓர்மை இருந்தது காரில் தலை சுற்றியது மட்டும்தான். (ஓர்மை என்றால் நினைவு, இந்த ஊர்ச் சொல். உங்கள் பிள்ளைகள் இதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பார்கள்.) அன்றைக்குப் பட்டியலை மூடி வைத்தேன். பிறகு நாங்கள் செய்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்: இடங்களைக் கணக்குப் பண்ணாதீர்கள், வீட்டுப் பக்கத்தில் ஓடும் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அது எங்கே இருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பின்னாலேயே போங்கள், போன இடத்துக்கே வேறு வேறு மாதத்தில் திரும்பத் திரும்பப் போங்கள்.

தக்கலையில் அந்தப் பொருள் சானல். வாய்க்காலை இங்கே சானல் என்பார்கள், கால்வாய் என்று கேட்டால் வழி சொல்ல ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். உங்கள் பக்கம் போவது பத்மநாபபுரம் புத்தனாறு சானல். இப்போது மே மாதம், அது வறண்டு கிடக்கும். நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறீர்கள். வழக்கமாக ஜூன் முதல் நாள் அணை திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள், மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் சானலின் அடிவயிறு வெளியே தெரியும். இந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு சாயங்காலம் பிள்ளைகளோடு சானல்கரையில் நடந்து, அடித்தளம் எவ்வளவு அகலம், கரை எவ்வளவு சரிவு, மடை எங்கெங்கே இருக்கிறது, எந்த வயலுக்கு எந்த மடை என்று ஒரு படம் வரையச் சொல்லுங்கள். கண்ணாடித் துண்டு, ஆணி எல்லாம் கிடக்கும், செருப்புப் போடாமல் உள்ளே இறங்க விடாதீர்கள்.

தண்ணீர் வரும் நாளை என் பிள்ளைகள் முதல் தடவை பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெள்ளம் மாதிரி வரும் என்று எதிர்பார்த்து நின்றார்கள். வந்தது ஒரு பழுப்பு நாக்கு. காய்ந்த இலை, தேங்காய் நார், பிளாஸ்டிக் பாட்டில், ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, நடந்து போகிற ஆளின் வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து வந்தது. வெடித்துக் கிடந்த தொளி (சேற்று மண்) தண்ணீரைக் குடித்தபோது விரிசல்களில் இருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்தது, மகன் குப்புறப் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டான். மறுநாள் தண்ணீர் முழங்கால் அளவு ஏறிய பிறகு கரையில் இருபது மீட்டர் அளந்து இரண்டு கம்பு நட்டோம். ஒரு பூவரச இலையைப் போட்டு எத்தனை விநாடியில் இரண்டாவது கம்பைத் தாண்டுகிறது என்று பார்த்தோம். நடுவில் போட்ட இலை வேகமாகப் போனது, கரை ஓரத்தில் போட்டது பின்தங்கியது. ஏன் என்று அவளே கேட்டாள். வேகம், சராசரி, வகுத்தல், உராய்வு எல்லாம் அந்த ஒரு வாரத்தில் வந்துவிட்டது, புத்தகத்தில் அந்தப் பாடத்துக்குப் போனபோது "இது நம்ம சானல் கணக்குதானே" என்றாள்.

அங்கிருந்து மேலே போங்கள். இந்தச் சானல் பிரிகிற இடம் பறளியாற்றில் இருக்கும் புத்தன் அணை. அதற்கும் மேலே பெருஞ்சாணி, அந்தப் பக்கம் கோதையாற்றில் பேச்சிப்பாறை. பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது, திருவிதாங்கூர் ராஜ்யத்தில் மூலம் திருநாள் மகாராஜா இருந்த காலம். கட்டிய எஞ்சினியர் மிஞ்சின் துரையின் கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது, அதைக் காட்டாமல் வராதீர்கள். பெரிய சுவரைப் பார்க்கும்போது பிள்ளைக்கு வராத கேள்விகள் அந்தச் சின்னக் கல்லறையைப் பார்க்கும்போது வருகின்றன. எங்கேயோ பிறந்தவர் ஏன் இங்கே வந்தார், ஏன் இங்கேயே அடக்கம் பண்ணினார்கள், அவருக்கு முன்னால் இந்த வயலுக்கெல்லாம் தண்ணீர் எப்படி வந்தது.

போய் வந்த பிறகு வீட்டில் ஒரு வேலை கொடுங்கள். அணைகளின் நீர்மட்டம் மழைக்காலத்தில் அன்றாடம் நாளிதழில் வரும். பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி, சிற்றாறு அணைகளுக்கு 18 அடி முழு நீர்மட்டம். உங்கள் மகள் வயதுக்குக் கட்டம் போட்ட தாளில் வரைபடம் போடலாம். அணையில் தண்ணீர் நிற்பதை நேரில் பார்த்துவிட்டு வந்த பிள்ளை அந்த எண்ணைப் பத்திரிகையில் படிக்கும்போது வெறும் எண்ணாகப் படிக்காது. மாத்தூர் தொட்டிப் பாலத்துக்கும் இந்த வரிசையில்தான் போக வேண்டும், தனியாகப் போனால் அது வெறும் உயரமான பாலம். கீழே பறளியாறு ஓட, 115 அடிக்கு மேலே ஒரு தொட்டிக்குள் பட்டணங்கால் சானல் ஒரு மலையில் இருந்து இன்னொரு மலைக்குப் போகிறது. 1966இல் கட்டியது, காமராஜர் காலத்துத் திட்டம். மேலே நடந்துவிட்டுத் திரும்பிவிடாமல் படிக்கட்டில் இறங்கி ஆற்றங்கரைக்குப் போய்த் தூண்களை எண்ணச் சொல்லுங்கள், 28 வர வேண்டும். என் மகனுக்கு மூன்று தடவையும் வேறு வேறு எண் வந்தது, நாலாவது தடவைதான் சரியாக வந்தது. நான் இடையில் சொல்லிவிடவில்லை, அதில் எனக்கு இன்றும் திருப்தி.

அப்புறம் கீழே வாருங்கள். கோதையாறும் பறளியாறும் சேரும் மூவாற்றுமுகம் திருவட்டாருக்குப் பக்கம். சேர்ந்த ஆறு குழித்துறை வழியாகப் போய்த் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழுகிறது. இதற்கும் தாமிரபரணி என்றுதான் பெயர், திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது வேறு, பிள்ளைகள் குழம்பினால் வரைபடத்தில் இரண்டையும் காட்டிவிடுங்கள். பொழிமுகத்தில் நின்று ஆற்றுத் தண்ணீர் எந்த நிறம், கடல் எந்த நிறம், கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஜூலையில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை. மலையில் இருந்து கடல் வரைக்கும் ஒரு ஆற்றை ஒரே நாளில் பார்த்துவிடக்கூடிய மாவட்டம் இது. பெங்களூரில் எவ்வளவு பணம் செலவு பண்ணினாலும் அது கிடைத்திருக்காது.

கிழக்கே நாஞ்சில் நாட்டுக் குளங்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலை ஆறரைக்குக் கரையில் நின்றால் போதும், பாம்புத்தாரா சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும், தாமரை இலை மேல் இலைக்கோழி நடக்கும், நீலத் தாழைக்கோழி கோரைக்குள் இருந்து எட்டிப் பார்க்கும். விலை கூடின பைனாகுலர் வேண்டாம். முதல் நாள் ஒரே ஒரு பறவையை மட்டும் அரை மணி நேரம் பார்த்து அது என்ன செய்தது என்று எழுதட்டும்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். பெட்டி பிரிப்பதை முடித்துவிட்டுப் படிப்பு என்று காத்திருக்காதீர்கள், மகள் கையில் டேப்பைக் கொடுத்து அறைகளை அளந்து வரைபடம் போடச் சொல்லி, புத்தக அலமாரி எந்தச் சுவரில் உட்காரும் என்பதை அவளே முடிவு பண்ணட்டும். ஓட்டு வீடு என்றால் கிணறு இருக்கும். ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டி, ஞாயிற்றுக்கிழமை தோறும் விளிம்பில் இருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்றால் மட்டும். எங்கள் நோட்டின் முதல் வருடம் இப்படி: மே கடைசியில் 29 அடி, ஆகஸ்ட் நடுவில் 14, செப்டம்பர் கடைசியில் 18, நவம்பர் கடைசியில் 9. செப்டம்பரில் ஏன் இறங்கி மறுபடி ஏறியது என்பதுதான் இந்த மாவட்டத்தின் வானிலைப் பாடம் முழுவதும். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி இருக்க, இங்கே தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டா 'இடவப்பாதி' என்பார், மலையாளக் கணக்கில் இடவ மாதம் பாதியில், அதாவது ஜூன் முதல் வாக்கில் தொடங்கும் மழை. நெல்லும் அதற்கேற்ப இரண்டு பூ (போகம்), கன்னிப்பூ, கும்பப்பூ. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி மழைமானி செய்து மொட்டை வெளியில் வையுங்கள், தென்னை மர மூட்டில் வைத்தால் ஓலையில் இருந்து சொட்டுவதும் சேர்ந்து கணக்குத் தப்பும்.

காற்றையும் பார்க்கலாம். இப்போதில் இருந்து செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று அடித்துக்கொண்டு போகும், முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பது அதனால்தான். பஸ்ஸில் போகும்போது விசிறிகள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன என்று எழுதி வைத்துக்கொண்டு, டிசம்பரில் மறுபடி அதே பஸ்ஸில் போய்ப் பாருங்கள்.

சூரியனைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த விஷயம். கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 நண்பகலில் அஸ்தி வைத்திருந்த இடத்தில் வெயில் விழும்படி கட்டியிருக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். என் மகள் பத்து வயதில், "அப்போ அந்த ஒரு நாள் மட்டும்தான் சூரியன் அந்த உயரத்துக்கு வருமா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். செப்டம்பர் 23க்கு ஒன்பது நாள் பிந்தி வருவது அக்டோபர் 2 என்றால், மார்ச் 20க்கு எட்டு ஒன்பது நாள் முந்தி, மார்ச் 11, 12 வாக்கில் சூரியன் நண்பகலில் அதே உயரத்தில் நிற்கும். அந்தக் கண்டுபிடிப்பில் அவள் ஒரு வாரம் தூங்கவில்லை. நீங்கள் வருவதற்கும் நிழலில்லா நாள் வருவதற்கும் சரியாக இருந்திருக்கும், ஏப்ரல் 10, 11 வாக்கில். பெட்டிகளுக்கு நடுவில் கவனித்திருக்க மாட்டீர்கள். அடுத்தது செப்டம்பர் 1 வாக்கில், மதியம் 12.20 சுமாருக்கு. மொட்டை வெயிலில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் பக்கவாட்டில் நிழலே இருக்காது. ஏன் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இல்லை என்ற கேள்வி வரும், நமது கடிகாரம் நம் தலைக்கு மேலே இருக்கும் சூரியனை வைத்து ஓடவில்லை, 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, நாம் அதற்கு ஐந்து பாகை மேற்கே இருக்கிறோம், பாகைக்கு நான்கு நிமிஷம். சதுரக் கட்டமாக எழுதிக் காட்டினால் உங்கள் மகளுக்குப் புரியும்.

உங்கள் வீட்டில் இருந்து பத்மநாபபுரம் அரண்மனை நடக்கிற தூரம்தான். திங்கட்கிழமை விடுமுறை. தமிழ்நாட்டுக்குள் இருக்கும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிறது, வாசல் போர்டைப் பார்த்தவுடன் பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள். 1956 நவம்பர் 1இல் திருவிதாங்கூரின் தென்தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) சேர்ந்து இந்த மாவட்டம் உருவான கதையை அங்கேயே ஆரம்பியுங்கள், பிறகு உங்கள் வீட்டு உரிமையாளரிடமோ தெருவில் வயதானவர்களிடமோ கேளுங்கள். பலருடைய பழைய நிலப் பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும், நான் பார்த்த ஒன்றைத் தமிழ் மட்டும் தெரிந்த பேரன் பிரித்து வைத்துக்கொண்டு, மலையாளம் படித்த பாட்டா ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தான். மொழிவாரி மாநிலம் என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அரண்மனையின் கரும்பளபளப்புத் தரையை என் பிள்ளைகள் வீட்டில் செய்து பார்த்தார்கள். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்று அங்கே சொன்னதைக் கேட்டுவிட்டு, சிரட்டையை எரித்து, அம்மியில் அரைத்து, துணியில் சலித்து, ஒரு ஓட்டுத் துண்டின் மேல் பூசினார்கள். சுண்ணாம்பில் கை வைக்க விடவில்லை, கலக்கியது நான். முதல் தடவை வெடித்துப் பிளந்தது, இரண்டாவது சாம்பல் நிறமாக வந்தது, மூன்றாவதை மெல்லிசாகப் பூசி, பத்து நாள் ஈரத்துணி போட்டு மூடி, ஒரு வழுவழுப்பான ஆற்றுக் கல்லால் தேய்த்தபோது ஒரு ஓரத்தில் மட்டும் முகம் மங்கலாகத் தெரிந்தது. சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிறது என்பதை அந்தப் பத்து நாளில் அவர்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அந்த ஓட்டுத் துண்டு இன்னும் எங்கள் ஜன்னல் திட்டில் இருக்கிறது. அரண்மனையில் இருந்து கொஞ்ச தூரத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை, உள்ளே டச்சுக் கம்பெனிப் படையில் இருந்த டிலனாயின் கல்லறை. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிடித்த திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவின் படைக்கே தளபதியானவர். லத்தீனிலும் தமிழிலும் பொறித்திருக்கும், ஏழு வயது மகன் தமிழ் எழுத்துகளில் எத்தனையை அடையாளம் காண்கிறான் என்று பாருங்கள்.

தொழில்களையும் பாருங்கள். உங்கள் பக்கம் விளைகளில் (தோட்டங்களில்) ரப்பர் இருக்கும், பால் வெட்டும் மாமாவிடம் முதல் நாளே கேட்டுக்கொண்டு விடியும் முன்னால் போங்கள், வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். பட்டையை ஒரு மயிரிழை அளவு சாய்வாகச் சீவுகிறார், உள்ளே மரம் காயப்படாமல். அந்த அளவு தப்பினால் மரமே கெட்டுப்போகும் என்று அவர் சொல்லும்போது பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள். பிறகு பாலில் ஆசிட் ஊற்றி உறையவைத்து ரோலரில் ஷீட் அடிப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கொதிக்கிற பாலில் எலுமிச்சை பிழிந்து காட்டுங்கள். பனையேறி அண்ணன் அக்கானிக் (பதநீர்க்) கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது ஏன் என்பதும் இதே குடும்பத்துக் கேள்விதான், தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) அவித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று பக்கத்து வீட்டு மைனி சொன்னால் ஏன் என்று பிள்ளைகளைக் கேட்க விடுங்கள், ஆடு மரச்சீனி இலை தின்று செத்த கதை ஒன்று அவரிடம் நிச்சயம் இருக்கும், கிழங்கில் உள்ள சயனைடு பற்றி நீங்கள் அங்கிருந்து தொடரலாம்.

மீன்காரி அக்கா வரும்போது கூடப் போய் நிற்கட்டும். என்ன மீன், கிலோ என்ன விலை, எந்தக் கடற்கரையில் இருந்து வந்தது என்று மாதத்துக்கு ஒரு பக்கம். சாளை, அயிலை, நெத்திலி, சூரை, வாளை, நெய்மீன் என்று பேர் படிப்பதோடு இன்னொன்றும் தெரியவரும். கிழக்குக் கடற்கரை விசைப்படகுத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டும் உண்டு, சின்னமுட்டத்தில் படகு கட்டிக் கிடக்கும்போது குளச்சலில் போய்வருகிறது, பிறகு மாறுகிறது. இப்போதே நோட்டைத் தொடங்கினால் இரண்டையும் விலையில் பார்க்கலாம். தோவாளை பூச்சந்தைக்கு ஒரு சாதாரண நாளிலும் ஓணத்துக்கு முந்தின நாளிலும் அதிகாலையில் போய், அதே பிச்சிப்பூவின் விலையை இரண்டு தடவையும் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் லேசாக எடுக்காதீர்கள். இங்கத்திய கடல் மெரினா மாதிரி இல்லை. காற்றே இல்லாத தெளிவான நாளில் கூட எங்கோ தூரத்துத் தென்கடலில் எழுந்த புயலின் அலை வந்து அடிக்கும், கள்ளக்கடல் என்பது அதைத்தான். எச்சரிக்கை வந்த நாளில் முட்டம் பாறைக்கோ பொழிமுகத்துக்கோ போகவே வேண்டாம். மற்ற நாளிலும் அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கும் அண்ணன்மாரிடம் கேட்டுவிட்டு அவர்கள் காட்டும் இடத்தில் நில்லுங்கள். திற்பரப்பு அருவியில் மழைநாளில் குளிக்கத் தடை போட்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மணவாளக்குறிச்சிக் கருமணலில் நல்ல சக்தியுள்ள காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், கறுப்பு மணிகள் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும், ஆனால் மணலை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு வர வேண்டாம், அதில் தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கிறது.

இவ்வளவும் எந்த நேரத்தில் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் காலை புட்டும் பயறும் முடிந்து ஒன்பதில் இருந்து பத்தே முக்கால் வரை தமிழும் கணக்கும், புத்தகத்தை வைத்து, ஒரு நாளும் தப்பாமல். அது முடிந்தால் மற்றது எல்லாம் நோட்டு, கயிறு, தெரு. வாரத்தில் ஒரு நாள் மட்டும் வெளியே. டவுன் பஸ்ஸில் உங்களுக்கும் மகளுக்கும் டிக்கெட் இல்லை, அதனால் செலவும் பெரிதாக வராது, பஸ்ஸில் ஊர்ப் பெயர்களை எழுதிக்கொண்டே போகலாம், எது விளை, எது குளம், எது கோடு, எது துறை என்று. துறை எல்லாம் தண்ணீர்ப் பக்கமே வருகிறது என்பதை ஐந்தாவது பயணத்தில் அவர்களே கண்டுபிடிப்பார்கள். கிளை நூலகத்தில் இந்த வாரமே உறுப்பினர் ஆகிவிடுங்கள். சாயங்காலம் தெருப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். அடிமுறை (இந்த ஊர்த் தற்காப்புக் கலை) சொல்லிக்கொடுக்கும் ஆசான் பக்கத்தில் இருந்தால் மகளையும் சேர்த்தே அனுப்புங்கள். சக்கை, கொல்லாங்கொட்டை, ஏத்தன் பழம், சாரம், சவுட்டு என்று அவர்கள் பேச ஆரம்பித்தால் திருத்தாதீர்கள், ஒரு சொல் நோட்டுப் போட்டுக் கொடுங்கள்.

பள்ளி பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: "வீட்டில்தான் படிக்கிறார்கள், பரீட்சை நேரத்தில் தனியாக எழுதுவார்கள்." இதற்கு மேல் விளக்கம் கொடுத்தால்தான் வாக்குவாதம். கேட்பவர்கள் பெரும்பாலும் அக்கறையில் கேட்கிறார்கள், படிப்புக்கு இந்த ஊரில் அவ்வளவு மதிப்பு. சட்டத்தைப் பொறுத்தவரை, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கானது, அதில் வீட்டுக்கல்வி என்று பெயர் சொல்லி ஒரு வழி இல்லை. பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று ஒரு பிரிவு உண்டு, சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதுவும் அதில் எழுதப்படவில்லை. பன்னிரண்டரை வயது நிறைந்தால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துவது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு 14 வயது, ஐந்து பாடம், ஆண்டுக்கு இரண்டு தேர்வு, ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, பதிவு ஐந்து ஆண்டு செல்லும். என் மகள் அதில்தான் இரண்டு தவணையாக எழுதி முடித்தாள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், முகவரிச் சான்று மூன்றிலும் பெயர் எழுத்து ஒன்றுபோல் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஒரு எழுத்து மாறி இருந்ததால் நான்கு மாதம் அலைந்தோம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சானல்கரையில் நடக்கும்போது லஸ்கரை (சானல் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் பொதுப்பணித்துறை ஊழியரை) பார்த்தால் நிறுத்தி, அணை திறந்தால் நம்ம பக்கத்துக்குத் தண்ணீர் எத்தனை நாளில் வரும் என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். மடைக்கு மடை அவருக்குத் தெரியும். அவர் சொன்ன நாளில் காலையிலேயே போய்க் கரையில் உட்காருங்கள், ஒரு கடிகாரமும் நான்கைந்து பூவரச இலையும் கையில் இருக்கட்டும்.